அறையில் சொன்னதற்கு மட்டும்

எங்கள் மேலாளர் ஹெதர் நான்காவது கேள்வியைத் தாளைப் பார்த்தே படித்தாள். "வேலையில நீங்களா யோசிச்சு மாத்தின ஒரு விஷயத்தைச் சொல்லுங்க, லிகாயா."

லிகாயா ஹெதரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

மூன்றாவது மாடிக்குப் பொறுப்பாளர் வேலைக்கான நேர்காணல். மறதி நோய் வந்த முதியவர்கள் இருக்கும் மாடி அது. பதினொரு வருடமாக அவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறவள் லிகாயா. சொந்த நாட்டில், இலோய்லோவில், நர்ஸாக இருந்தவள். அந்தச் சான்றிதழை இங்கே விண்ணிபெக்கில் நீட்டினால் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் ஒரு வருடம் ஆளைத் தூக்கினால் நீயே சக்கர நாற்காலியில் உட்காருவாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் அவள் இடுப்பு பிழைக்கும்.

விண்ணப்பம் போடு, போடு என்று மூன்று மாதமாக நச்சரித்தவள் நான்தான். குடியேறி வந்த பெண்களை மேலே கொண்டுவர எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. அதன் துண்டுப்பிரசுரத்தில் சிரித்துக்கொண்டிருப்பது என் பழுப்பு முகம். நேர்காணல் நடத்தும் மூவரில் ஒருத்தி எங்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தின் விதி. நம்மவள் ஒருத்தி எதிரில் இருந்தால் கூச்சமில்லாமல் பேசுவார்களாம்.

லிகாயா தொண்டையைச் செருமினாள்.

"பல்செட் டப்பாவுலெல்லாம் பேர் எழுதி ஒட்டினேன். முன்னாடி மாறி மாறிப் போயிடும். மிஸ்டர் ஆல்சனோட பல்லு ஒரு வாரம் இன்னொருத்தர் வாயில இருந்துச்சு."

பணியாளர் பிரிவிலிருந்து வந்திருந்தவர் சிரித்துவிட்டார். ஹெதரும் சிரித்தாள். "வேற ஏதாவது? கொஞ்சம் பெரிசா?"

"வேற ஒண்ணும் ஞாபகம் வரல."

அவள் வெளியே போனதும் ஹெதர் பெருமூச்சு விட்டாள்.

"எனக்கு இவளை ரொம்பப் பிடிக்கும். ஆனா பல்செட் டப்பாவுக்கு நான் என்ன மார்க் போட? உன் கோட்டு விஷயம் மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லியிருந்தா போதும், நோர்மா."

என் கோட்டு விஷயம்.

மாடியில் மதியம் மூன்று மணிக்கு ஆள் மாறும். குளிர்காலத்தில், வேலை முடிந்தவர்கள் கதவருகே நின்று கோட்டும் பூட்ஸும் மாட்டுவார்கள். உடனே முதியவர்கள் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொள்வார்கள், அழுவார்கள், தள்ளாடி விழுவார்கள். மருந்தைக் கூட்டிப் பார்த்தார்கள். கதவின் நிறத்தை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கோட்டு மாட்டும் கொக்கிகளைக் கழற்றிக் கீழே சலவை அறையில் வைத்தோம். இரண்டு வாரத்தில் விழுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கோட்டைக் கண்டதும் தாங்களும் வீட்டுக்குப் போவதாக நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் இதே அறையில், இதே நான்காவது கேள்விக்கு நான் சொன்ன பதில் இது. மேசைக்கு இந்தப் பக்கம் நான் வந்தது அந்தப் பதிலால்தான்.

அதைக் கண்டுபிடித்தவள் லிகாயா.

சாப்பாட்டு அறையில், ஒரே டப்பாவிலிருந்து இருவரும் சோறும் அடோபோ இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். "பாவம்க்கா. நம்ம கோட்டப் பாத்ததும் தங்களையும் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சுக்கறாங்க." நீயே போய் ஹெதரிடம் சொல் என்றேன். "என் இங்கிலீஷ கேட்டா அவங்களுக்குக் கொட்டாவி வந்துடும். நீங்களே சொல்லுங்க," என்றாள்.

நானே போய்ச் சொன்னேன். நோர்மா, நீ கெட்டிக்காரி என்றாள் ஹெதர். நான் இல்லை, லிகாயா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்று நினைத்தேன். என் நேர்காணலன்று அப்படி நினைக்கவும் இல்லை.

ஹெதர் மதிப்பெண் தாளை என் பக்கம் நகர்த்தினாள். "நீ அவகூட வேலை பாத்தவ. உனக்கு என்ன தோணுது?"

"அறையில சொன்னதுக்கு மட்டும்தானே மார்க்," என்றேன்.

விதி அப்படித்தான். எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்று போட்ட விதி. வெளியே தெரிந்தது எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

லிஃப்ட் பக்கத்தில் லிகாயா இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சொதப்பிட்டேன், இல்லக்கா?"

"நீ அதைச் சொல்லியிருக்கலாமே." எதை என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீங்க அங்க உக்காந்திருக்கும்போது எப்படிக்கா சொல்றது? உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

சொல்லிவிட்டு, மடங்கியிருந்த என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. ஹெதர் இன்னும் உள்ளேதான் இருந்தாள். பத்தடி நடந்தால் போதும்.

நான் லிகாயாவின் தோளில் கை வைத்தேன்.

"அடுத்த தடவை விட்டுடக்கூடாது," என்றேன். "நாம உக்காந்து உனக்கு நல்லதா ஒரு உதாரணம் தயார் பண்ணலாம்."