மிளகு வைத்த உருண்டை

“ஒண்ணுகூட மிச்சமில்லையே வள்ளித்தாயி! தட்டு வந்த சூட்டோட பூராத்தையும் தின்னு தீத்துட்டோம்” என்று சிரித்தாள் எதிர்வீட்டு அழகுத்தாய்.

வள்ளித்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளைக... பிள்ளைகளும் தின்னுச்சாக்கா?”

“கேப்பியா! எங்க மாமாவே கடிச்சுக் கடிச்சு ரெண்டு உருண்டை தின்னாவ. பொருவிளங்காய்னா உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? உக்காரு, காப்பி தாரேன். நானும் இப்பத்தான் தௌலத் பேகம் அக்காவுக்குப் பலகாரம் குடுத்துட்டு வந்து உக்காந்தேன்.”

மூலையில் அந்த மாமனார் கையளவு இரும்பு உரலில் வெற்றிலைபாக்கைப் போட்டு நங் நங்கென்று இடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், புதுப் பாவாடை கசங்க, அழகுத்தாயின் சின்ன மகள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

“அவளுக்கு என்னக்கா?” வள்ளித்தாய் பாயருகே குனிந்தாள்.

“வயித்த வலிக்குதாம். விடியுமுன்ன இருந்து கண்டதையும் தின்னா வலிக்காம என்ன செய்யும்?”

வள்ளித்தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பொருவிளங்காய் என்றாலே கெட்டிதான். வள்ளித்தாய் பிடித்தது அதிலும் ஒரு படி மேல். அவள் புருஷன் சோலைமுத்துவே அம்மிக் குழவியால் தட்டித்தான் வாயில் போடுவான். அந்த மாவில் மிஞ்சியதை எடுத்து, கம்பு மூட்டையைப் பாழாக்கும் எலிகளுக்காகப் பாஷாணம் கலந்து ஏழு உருண்டை உருட்டியதும் அவன்தான். தெரியாமல் யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மிளகைப் பதித்து, பரணில் ஏற்றி வைத்தவள் வள்ளித்தாய்.

இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பரணில் தட்டைக் காணோம். தீபாவளிக்கு வந்திருந்த நாத்தனார் சீனித்தாய் வெள்ளந்தியாகச் சொன்னாள்.

“டப்பாவுல கிடந்தது மொட்டையா இருந்துச்சு மதினி. பரண்ல இருந்தது மிளகெல்லாம் வச்சு என்னா அழகு! வெளியில குடுக்கன்னு எடுத்து வச்சிருக்கீகன்னு நெனச்சேன். அதைத்தான் எதிர்வீட்டுல குடுத்துட்டு வந்தேன்.”

அதைக் கேட்டுத்தான் தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வந்திருந்தாள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். தெருவில் எவனோ சரவெடியைக் கொளுத்தினான். ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. “இந்தா வாரேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

“ஏங்க, குடி கெட்டுதே! அவிய அம்புட்டுப் பேரும் தின்னுட்டாவ! சின்னது வயித்து வலின்னு சுருண்டு கிடக்கு!”

சோலைமுத்து துள்ளி எழுந்தான். “நான் கம்பவுண்டரைக் கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள நீ உப்புத் தண்ணியக் குடுத்து வாந்தி எடுக்க வையி. ஒளிக்காத, நடந்ததைச் சொல்லிரு!” சட்டைகூடப் போடாமல் குதிரை வண்டி பிடிக்க ஓடினான்.

சீனித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “போலீசு பிடிச்சிட்டுப் போயிருமா மதினி?”

“போலீசு கிடக்கட்டும்ட்டி. அந்தப் பிள்ளை பிழைக்கணும்.”

செம்பில் தண்ணீர் மொண்டு உப்பை அள்ளிப் போட்டாள். கலக்கிய வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. கழுகுமலை முருகா, அந்த வீட்டுல ஒரு உயிருக்கும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோ, என் தலைமுடியைத் தாரேன் என்று வேண்டிக்கொண்டே வாசலுக்குப் பாய்ந்தாள்.

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அடுத்த தெரு மளிகைக்கடை குலாம் ரசூலின் மனைவி தௌலத் பேகம். கையில் பீங்கான் தட்டு. மேலே பூப்போட்ட துணி.

“வழி விடுங்கக்கா, உயிர் போற அவசரம்!”

“எந்த அவசரமா இருந்தாலும் கையில வாங்கிட்டுப் போ. நல்ல நாளும் அதுவுமா, வெறுங்கையோடவா உன் வீட்டுக்கு வாரது?”

பேகம் துணியை விலக்கினாள்.

வள்ளித்தாயின் கையிலிருந்து செம்பு நழுவி உருண்டது. தட்டில் ஏழு உருண்டைகள். ஏழின் தலையிலும் ஒவ்வொரு மிளகு. ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இல்லை.

“என்னட்டி அப்படிப் பாக்குதே? பூராவும் நானே என் கையால உருட்டுனது!”