கைக்கு ஏற்ற வட்டு

"எறியிற வட்டு வேணும் அண்ணாச்சி. புதுசாப் பழகுறதுக்கு," என்றான் மருதுபாண்டி.

ராமநாதபுரத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் தனுஷ்கோடி ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ என்று மூன்று வட்டுகளை எடுத்து வைத்தார்.

மருதுபாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வீசுவதுபோல் ஆட்டிப் பார்த்தான். தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்தது.

"எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திப் பாருங்க தம்பி. உக்காந்துக்கிட்டு எவன் வட்டு எறியிறான்?"

"உக்காந்து பாத்தாத்தான் சரியாத் தெரியும்." ஒரு கிலோ வட்டைப் பொறுக்கினான். "வீட்டுக்காரிகிட்டக் காட்டிட்டு வந்துர்றேன்."

"கடைக்குள்ள கூட்டிட்டு வரலாம்ல?"

"நாலு படி இருக்கே அண்ணாச்சி."

தனுஷ்கோடி எட்டிப் பார்த்தார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் முத்தழகு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த மாசம் மதுரையில போட்டி. அவதான் எறியப்போறா. பட்டணங்காத்தான்லேருந்து இங்கன வரைக்கும் அவளே சுத்திட்டு வந்தா."

தனுஷ்கோடி மற்ற இரண்டு வட்டுகளையும் அள்ளிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கினார்.

முத்தழகு ஒரு கிலோ வட்டை வாங்கி, அப்பளத்தை ஆட்டுவதுபோல் ஆட்டிப் பார்த்தாள்.

"போட்டிக்கு இது போதும் அண்ணாச்சி. பழகுறதுக்கு அந்த ரெண்டு கிலோவக் குடுங்க."