நிறம் கேட்கும் வீடு

"எவ்வளவு நேரம்தான் ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கிட்டே நிப்ப? அடிக்கா!" என்றாள் போனி.

"உள்ளே குண்டு நல்லா உருளணும்டி. இல்லேன்னா பிரைமர் திட்டுத் திட்டா விழும்."

"அது உருண்டு உருண்டு தேய்ஞ்சே போயிருக்கும். உன் மனசுதான் அசைய மாட்டேங்குது."

லொரெட்டா டப்பாவை மறுபடியும் குலுக்கினாள். தங்கை சொன்னது நிஜம். கார் கொட்டகையின் நடுவே, பழைய போர்வையின் மேல் அந்த இழுப்பறை அலமாரி நின்றது. தேவாலயத்துப் பழைய சாமான் கடையில் என்றைக்கோ வாங்கியது. இப்போது உடம்பெல்லாம் பளீரென்ற ஆரஞ்சு.

பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை மாவட்ட அலுவலகம் லொரெட்டா வீட்டில் கொண்டுவந்து விடும். குப்பைப் பையில் நாலு துணியோடு வருகிற பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒன்றாவது இருக்கட்டும் என்று, பிடித்த நிறத்தை ஃபோனிலேயே கேட்டுவிடுவாள். பிள்ளை வாசலில் கால் வைப்பதற்குள் அலமாரி அந்த நிறத்துக்கு மாறியிருக்கும். பூச்சுமேல் பூச்சு ஏறி, இழுப்பறைகள் முக்கி முனகித்தான் திறக்கும்.

"ஊர்ல எத்தனையோ பேர் பிள்ளைங்களை எடுத்து வளர்க்கிறாங்க. இந்தக் கூத்து உன் வீட்ல மட்டும்தான்" என்று போனி அடிக்கடி சொல்வாள்.

ஆரஞ்சு, மார்னியின் நிறம். மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். மார்னி மட்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டாள். வாயாடி. காலையில் ஆரம்பித்தால் தூங்கும்வரை வாய் மூடாது. பிறகு ஒருநாள் அவள் அம்மா குடியை விட்டுவிட்டாள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.

போகிற அன்று மார்னி ஆடிய ஆட்டத்தைப் போனியும் பார்த்தாள். கீழ் இழுப்பறையைக் காலால் ஓங்கி உதைத்து, "இது ஒண்ணும் என் வீடில்ல! எனக்குச் சொந்த அம்மா இருக்காங்க! இந்தப் பக்கமே வரமாட்டேன்!" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்த உதையின் பள்ளம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் லொரெட்டா வேண்டாம் என்றே சொல்லிவந்தாள்.

"இன்னிக்கு வர்றவளையும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் போனி, உப்புத்தாளைத் தட்டியபடி.

"எங்கயும் இடம் இல்லையாம். பிள்ளையை ராத்திரி ஆபீஸ் நாற்காலியில படுக்க வைக்கணும்னு, அங்க புதுசா வேலைக்கு வந்த பொண்ணு அழாத குறையாச் சொல்றா. எப்படிடி வேண்டாங்கிறது?"

"பேரு?"

"பேரை ஃபோன்ல சொல்லக்கூடாதாம். பத்து வயசாம். வாயே திறக்க மாட்டேங்கிறாளாம், பாவம். நிறம் என்னன்னு கேட்டப்போகூட ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், பச்சைன்னாளாம்."

"பச்சையா? உன் மார்னிக்குப் பச்சைன்னாலே ஆகாதே!"

"பட்டாணியைக்கூடத் தட்டோரமா ஒதுக்கி வைப்பா" என்று லொரெட்டா சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

போனி குரலைத் தணித்தாள். "அக்கா, அவ வரமாட்டா. அவ அவங்கம்மாகிட்ட நல்லா இருக்கா. நல்லா இருக்கட்டும்னுதானே நீயும் ஜெபம் பண்ற? இந்த ஆரஞ்சை மூடிடு. வர்ற குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?"

லொரெட்டா தானே குனிந்து அந்தப் பள்ளத்தில் பட்டி வைத்து அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தாள். முகமூடியை மாட்டிக்கொண்டு டப்பாவை எடுத்து, ஒரே வீச்சில் இடமிருந்து வலமாக அடித்தாள். சாம்பல் நிற அடிப்பூச்சு ஆரஞ்சின்மேல் விழுந்தது. ஆரஞ்சு லேசில் மறையவில்லை; இரண்டாம் தடவையும் அடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் பச்சை.

அழுவதைத் தங்கை பார்க்கக்கூடாது என்று முகமூடியைக் கழற்றாமலே வேலை செய்தாள். போனியும் பார்க்காததுபோல் பழைய செய்தித்தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கார் வந்து நின்றபோது பச்சை இன்னும் காய்ந்திருக்கவில்லை.

"அவங்கம்மா மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று அலுவலகப் பெண் மெல்லச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

கறுப்புப் பையை அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி இறங்கினாள். வளர்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆனால் அந்தக் கண்ணை லொரெட்டாவுக்குத் தெரியாதா?

"மார்னி!"

சிறுமி ஓடிவரவில்லை. நேராக அலமாரியிடம் போனாள். கீழ் இழுப்பறையில் விரலால் எதையோ தேடினாள். பள்ளம் அகப்படவில்லை, விரலில் பச்சைதான் ஒட்டியது.

லொரெட்டா முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டாள். "உனக்குத்தான் இந்த நிறமே ஆகாதேடி! ஏன் கண்ணு பச்சைன்னு சொன்ன?"

மார்னி நிமிரவில்லை.

"நிறம் கேட்டதுமே உங்க வீடுன்னு தெரிஞ்சுபோச்சு ஆன்ட்டி. ஆரஞ்சுன்னு சொன்னா, நான்தான்னு தெரிஞ்சு வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."