டிக் நின்ற நாள்

மாசிலாமணி தன் கொட்டகையில் சொந்தமாக எக்ஸ்ரே மெஷின் ஒன்று செய்திருந்தார். மெஷினை ஓட்டும்போது ஓர் ஈயத்தகட்டுக்குப் பின்னால்தான் நிற்பார். கதிர் கசிந்தால் எச்சரிக்கும் பெட்டி மேசைமேல் இருந்தது.

அது எந்நேரமும் 'டிக், டிக்' என்றது. "வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா?" என்று ஈயத்தகடு தினமும் அதைத் திட்டும்.

ஒருநாள் காலையில் மெஷின் ஓடியும் பெட்டி மூச்சுவிடவில்லை. ஈயத்தகட்டுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மெஷின் தூங்கும்போதுகூட இரண்டொரு டிக் வருமே, அதையும் காணோமே என்று நினைத்ததும் அந்த நிம்மதி பறந்தது.

மாசிலாமணியோ, "கசிவே இல்லை, இனி எதற்கு ஒளிந்து நிற்பது?" என்று, ஓடி நின்ற மெஷினை மறுபடி ஓட்டத் தகட்டைத் தாண்டி வந்து சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

ஈயத்தகடு தொப்பென்று மெஷின் வயர்மேல் சாய்ந்தது. பிளக் பிடுங்கிக்கொண்டது.

தகட்டைத் தூக்கக் குனிந்தவர் பெட்டியைப் பார்த்தார். அதன் விளக்கு அணைந்திருந்தது. முகம் வெளிற, புது பேட்டரி போட்டார்.

"டிக்" என்றது பெட்டி. சற்றுப் பொறுத்து இன்னொரு "டிக்."

மூலை மடங்கிக் கிடந்த ஈயத்தகடு பெருமூச்சு விட்டது. "இன்னும் கொஞ்சம் உரக்கத்தான் கத்துங்களேன், அண்ணே."