வகுப்புக்கே ஒரே அப்பா

கமால் பாய் விடைத்தாளை ரோஸ்லின் டீச்சரின் மேசைமேல் அறைந்து வைத்தார்.

"படிங்க டீச்சர். நாலு பேருக்குக் கேக்குற மாதிரி படிங்க. நா குடிகாரனா?"

ஆசிரியர் அறையில் இருந்த மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. தன் குரலுக்குப் பயந்துவிட்டார்கள் என்று கமாலுக்குத் தோன்றியது. பயப்படட்டும். கம்பம் காய்கறி மண்டியில், குமுளி ஏறப் போகிற லாரியைக்கூட ஒரே அதட்டலில் நிறுத்துகிற குரல் அது.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு. மது ஒழிப்பு பற்றிக் கட்டுரை. மகள் ஷர்மின் எழுதியிருந்த முன்னுரை இப்படித் தொடங்கியது:

'வாசலில் என் அத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா முதலில் அரிவாள்மணையை எடுத்து ஒளித்து வைப்பார். அந்தச் சத்தத்தை வைத்தே அத்தா இன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார்.'

கமால் சீரகச் சோடாவைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. பள்ளிவாசல் ஜமாத்தில் பொருளாளர் வேறு.

நேற்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கையெழுத்துக்காக வந்த இந்தத் தாளை அவருடைய அக்கா அம்சத் பீவி எடுத்து, சத்தமாக வாசித்துத் தொலைத்தாள். வாசித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஏலே கமாலு, எத்தன நாளா இந்தப் பழக்கம்?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மனைவி, அரிவாள்மணையும் கையுமாக வந்து அடுப்படி நிலைப்படியில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஷர்மின் அழுதாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடிதான் எழுதினேன் என்றாள். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் உனக்கு வேண்டாம், டி.சி.யை வாங்கிவிடுகிறேன் என்று கமால் சொன்னதும் அவளுக்கு அழுகைகூட நின்றுபோயிற்று. இப்போது பையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்கிறாள்.

ரோஸ்லின் டீச்சர் அவர் வைத்த தாளைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கட்டு விடைத்தாள்களை எடுத்து அவர் முன்னால் தள்ளினார்.

"மொதல்ல இதப் பாருங்க பாய்."

குரலில் மரியாதை ஒரு சொட்டும் கிடையாது.

கமால் புரட்டினார். எட்வினின் தாளில் அப்பாவின் வண்டிச் சத்தம், அரிவாள்மணை. கிளாராவின் தாளிலும் அதே வண்டி, அதே அரிவாள்மணை. கர்ணனின் தாளிலும் வண்டி வந்தது. அவன் அப்பா கமாலின் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், சைக்கிள்கூடக் கிடையாது. தகப்பன் இல்லாத ஆதித்தன் மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கிறான் பாவம், சித்தப்பாவைக் குடிக்க வைத்திருந்தான்.

எல்லாத் தாளிலும் கீழே பெற்றோர் கையொப்பம் இருந்தது. ஒரு மனிதரும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டீச்சர் பொரிந்து தள்ளினார். பொதுத்தேர்வில் தாள் திருத்துகிறவர் கட்டுக்கட்டாகப் படித்துச் சலித்துப்போனவர். முதல் இரண்டு வரியிலேயே அவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். 'மது நாட்டிற்கும் வீட்டிற்கும் கேடு' என்று தொடங்கினால் அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே மதிப்பெண் போடுவார். கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு முன்னுரையை வாசித்துக் காட்டினாராம். இதையே எழுதாதீர்கள், அவரவர் சொந்தமாக எழுதுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாராம். பிள்ளைகள் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு மாதிரியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

"ஒங்க பிள்ளையாச்சும் பரவாயில்ல. அப்பாவ எடுத்துட்டு அத்தாவப் போட்டு, சொந்தமா எழுதிட்டா."

இந்தக் கிண்டலில் கமாலுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பிள்ளைகளுக்குக் காட்ட வேறு தகப்பனே கிடைக்கவில்லையா? எவனோ ஒரு குடிகாரப் பயலை இழுத்து வந்து ஊரிலுள்ள அப்பன்மார் தலையில் எல்லாம் கட்டுவதா? அது நான் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், அக்காவிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் இப்போதே டி.சி. என்று மேசையைத் தட்டினார்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து ஷர்மினின் கட்டுரைக்குப் பக்கத்தில் எழுதினார். 'இதில் வருபவர் மாணவியின் தந்தை அல்லர். வகுப்பில் வாசித்துக் காட்டிய மாதிரி முன்னுரை இது.' கீழே கையெழுத்தும் போட்டார்.

கமால் அதைப் படித்தார். அக்காவின் வாய்க்கு இது போதாது என்று பட்டது.

"இதெல்லாம் கட்டுக்கத, அப்பிடி ஒரு ஆளே கெடையாதுன்னும் சேத்து எழுதுங்க."

பேனா தாளுக்கு அருகில் வந்து நின்றுவிட்டது. என்ன திமிர் இந்த அம்மாளுக்கு என்று கமாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்த வரி எழுத இம்புட்டு யோசனையா என்று கத்தினார்.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த முன்னுர எம் மக எழுதுனது பாய். பொய்னு எங் கையால எழுதிட்டு, வீட்டுல அவ மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

மற்ற ஆசிரியர்கள் இன்னும் குனிந்தபடியே இருந்தார்கள். அவர்கள் குனிந்தது தனக்குப் பயந்து இல்லை என்று கமாலுக்கு அப்போதுதான் உறைத்தது.

கமால் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

ஷர்மின் ஓடி வந்தாள். அவள் குரல் ஆசிரியர் அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

"டீச்சரத் திட்டிட்டீகளா அத்தா? டி.சி. குடுத்துட்டாகளா?"

"மெல்லப் பேசுத்தா" என்றார் கமால். "கிளாஸுக்குப் போ."