கட்டம் இல்லாத பெயர்

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? ஆயா பேரு எங்க அப்பா தலைக்கு மேல நிக்குது!"

போனில் விஸ்வநாதன் போட்ட சத்தத்தில் சுகுணாவின் மத்தியானத் தூக்கம் பாதியிலேயே கலைந்தது. வெளியே தூறல். கனவா நிஜமா என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விஸ்வநாதன் பழைய மாணவர் சங்கத் தலைவர். சென்னையில் பெரிய தொழில். ஆலங்குடிப் பக்கம் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு நாளைக்குப் பொன்விழா. அதற்கு வெப்சைட் செய்து கொடுத்தவள் சுகுணா.

"நாளைக்குப் பெரிய திரையில ஊரே பாக்கப் போகுது. எங்க அப்பா இருக்கிற பட்டியல்ல ஆயா எதுக்கு, அந்தப் பேரை எடுத்துரணும்னு காலையிலேயே ஸ்கூல் கிளார்க் ஐயனார்கிட்ட சொன்னேனே!"

"பாக்குறேன் சார்."

லேப்டாப்பைத் திறந்தாள். 'பள்ளியை வளர்த்தவர்கள்' என்று ஒரு பட்டியல். கட்டம் கட்டமாகப் பெயர்கள். முதல் கட்டத்தில் நிலம் கொடுத்த விஸ்வநாதனின் அப்பா. கடைசிக் கட்டத்தில், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் சுமந்த மருதாயி. நேற்றுவரை அப்படித்தான் இருந்தது.

இன்றைக்குக் கடைசிக் கட்டத்தைக் காணோம். மருதாயியின் பெயர் மட்டும் பட்டியலை விட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் மேலே, தனியாக மிதந்துகொண்டிருந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது புரிந்தது. பெயரை அழிப்பதற்குப் பதில், அதைச் சுற்றிக் கட்டம் போடுகிற குறியீட்டை ஐயனார் அழித்திருக்கிறார். வெப்சைட்டைத் திறந்து காட்டுகிற பிரவுசர் இருக்கிறதே, அது பரம சாது. எழுதினவர் எத்தனை தப்புப் பண்ணினாலும் கோபித்துக்கொள்ளாது. தானாக ஏதோ ஒரு வழி பண்ணிக் காட்டிவிடும். பட்டியலுக்குள் கட்டம் இல்லாமல் ஒரு பெயர் நின்றால், பந்தியில் இலை கிடைக்காதவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி, அதைப் பட்டியலுக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடும்.

போன வாரம்தான் இதையெல்லாம் ஐயனாருக்குத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தாள். மனுஷன் ஜன்னல் வழியே முந்திரி மரத்தைப் பார்த்தபடி, ஏதோ கனவில் இருக்கிறவர் மாதிரித் தலையாட்டினார்.

"இந்தக் குறிக்குள்ள எழுதினா வெப்சைட்டைப் பாக்குறவங்களுக்குத் தெரியாதுண்ணே. உள்ள வந்து திருத்துறவங்க மட்டும் படிக்கிற துண்டுச் சீட்டு மாதிரி" என்றதற்கும் அதே தலையாட்டல்தான்.

அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பேரை விட்டுட்டுக் கட்டத்தை அழிச்சிருக்கீங்க!"

"அப்படியாம்மா? அழிக்கச் சொன்னாங்க, அழிச்சேன். எனக்கென்ன தெரியும்?"

"நான் அம்புட்டுச் சொல்லியும் காதுல வாங்கவே இல்லையே நீங்க!" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவிச்சுக்காதம்மா. நீயே உள்ள போயி ஒரு எட்டுப் பாத்துரு."

வைத்துவிட்டார். ஒண்ணாம் நம்பர் தூங்குமூஞ்சி என்று திட்டிக்கொண்டே உள்ளே போனாள். குறியீடுகளுக்கு நடுவே மருதாயி என்ற பெயர் ஆதரவில்லாமல் நின்றது. சுகுணாவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்த அன்று அவள் முகத்தில் தண்ணீர் தெளித்த கை அந்த ஆயாவுடையது. ஆனாலும் என்ன செய்ய? சொன்ன வேலையைச் செய்தாக வேண்டும். பெயரை அழிக்க விரலை வைத்தாள்.

அப்போதுதான், பெயருக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு கிடப்பதைப் பார்த்தாள். படித்தாள். திரும்பவும் படித்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

மறுபடி விஸ்வநாதனின் போன்.

"எடுத்தாச்சா?"

"இல்ல சார். இப்பத் தொட்டா பட்டியல் மொத்தமும் கலைஞ்சிரும் போலருக்கு. உங்க அப்பா பேரும் சேர்ந்து போயிரும்."

"ஐயையோ! தொடாதீங்க, தொடாதீங்க. அப்படியே கெடக்கட்டும்." பெருமூச்சு விட்டார். "எல்லாம் அந்த ஐயனாரால வந்தது. ஒண்ணும் தெரியாத ஆளு."

"ஆமா சார்" என்றாள் சுகுணா. "அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

தூறல் விட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரில் வேறு யார் கண்ணுக்கும் தெரியாத அந்தச் சீட்டை மூன்றாவது தடவையாகப் படித்தாள்.

'தங்கச்சி, பேரை அழிக்கச் சொன்னாங்க, கை வரல. நீ சொல்லிக் குடுத்த மாதிரி கட்டத்தை மட்டும் எடுத்துட்டேன். நாளைக்கு ஆயா விழாவுக்கு வருது. ஒரு நாளாச்சும் மேல இருக்கட்டும். திருத்திராத.'