பத்துக்குப் பத்து

"இந்தப் போனாவது கூப்பிட்டா எடுக்குமா, இல்ல படம் மட்டும்தான் பிடிக்குமா?" என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் மனைவி.

அவர் ஜன்னலோரம் வெயிலில் ஒரு தக்காளியை உட்கார வைத்து, பதினேழாவது தடவையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தக்காளிக்கே அலுத்திருக்கும்.

புது ஆண்ட்ராய்டு போன்களை அன்றாடம் பயன்படுத்திப் பார்த்து, ஓர் இணையதளத்தில் விமர்சனம் எழுதுவது அவர் தொழில். கம்பெனி அனுப்பும் போனை இரண்டு வாரம் வைத்திருப்பார், எழுதுவார், திருப்பி அனுப்பிவிடுவார். உடனே அடுத்த டப்பா வந்து இறங்கும். அதனால் தெருவில் அவருக்கு டப்பாக்காரர் என்றே பெயர். கூரியர் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவார்.

இந்தத் தடவை வந்த டப்பா மட்டும் சாதாரண டப்பா இல்லை. இதைச் செய்த கம்பெனி அவருக்கு நிரந்தர வேலையே தருவதாக இருந்தது. மூன்று தடவை நேர்காணல் முடிந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் அவர் நம்பருக்குப் போன் செய்வதாகவும், பேச முடியாவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துவிடுவதாகவும் அதிகாரி அம்மா சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்கும்போது மாமனார் மழையைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

ஆகவே டப்பாக்காரர் இந்தப் போனை ராஜ மரியாதையோடு வரவேற்றார். போன மாதம் வந்திருந்த போட்டிக் கம்பெனி போனை, சார்ஜர், ஒயர், உறை எல்லாவற்றையும் பொறுப்பாக வைத்துப் பொட்டலம் கட்டி அவசர அவசரமாகத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் இதைப் பிரித்தார். அன்றிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. தெருவில் நிற்கும்போது கால் வந்து, ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போய்விட்டால்? வீட்டு வைஃபை எட்டுகிற இடம்தான் அவருக்கு உலகம். சாப்பிடும்போது போன் தட்டுக்குப் பக்கத்தில், குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில்.

போன் வாயே திறக்கவில்லை. அதையும் அவர் போனின் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் கடன் வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமான்னு ஒரு நாளைக்குப் பத்து கால் வரும். இப்ப ஒண்ணுகூட வரல பாத்தியா? வேண்டாத காலையெல்லாம் என்னமா வடிகட்டுது."

"வேண்டிய காலையும் சேத்து வடிகட்டிடுச்சோ என்னவோ."

அவரே அந்த அம்மாவுக்குப் போன் செய்து விசாரித்தால் என்ன என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் வேலை வெட்டி இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். நினைத்தால் அதில் என்ன பொய் இருக்கிறது என்றாள் அவள்.

"சரி, எனக்காவது ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. மேல மூலையில ஏதோ சின்னப் படம் புதுசா இருக்கு."

"புது வெர்ஷன்னா எல்லாம் புதுசாத்தான் இருக்கும். ஊருக்கே போன் சொல்லிக் குடுக்கிறவன் நான். எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் விமர்சனம் எழுத உட்கார்ந்தார். கேமராவுக்கு இரண்டு பக்கம், திரைக்கு ஒரு பக்கம், பேட்டரிக்கு ஒரு பாராட்டு விழா. அழைப்புத் தெளிவு என்ற பகுதியை அவர் எப்போதுமே புதிதாக எழுதுவதில்லை. யார் அதைப் படிக்கிறார்கள்? போன மாத விமர்சனத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டு, போன் பெயரை மட்டும் மாற்றினார். 'குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவு. ஒரு கால்கூடத் தவறவில்லை. பத்துக்குப் பத்து.'

போகப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு போட்டு வைப்பதில் தப்பில்லையே. நிம்மதியாக வெளியிட்டார்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மனைவியை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

'ஐயா, உங்களுக்கு வேலை உறுதி என்று சொல்ல இந்த வாரம் நான்கு முறை அழைத்தோம். நான்கு முறையும் எங்கள் போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார்கள். நீங்கள் அங்கே சேர்ந்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டோம். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். வாழ்த்துகள்.'

"என்ன அநியாயம் இது. நான் வீட்டை விட்டே போகலையே" என்றார்.

மனைவி போனை வாங்கினாள். ஒரு தையல் ஊசியின் காதுப் பக்கத்தை ஓரத்தில் இருந்த சின்னத் துளையில் வைத்து அழுத்தினாள். சிம் வைக்கும் தட்டு வெளியே வந்தது. காலி.

"உங்க சிம் போன மாசப் போன்லயே இருந்திருக்கு. அதோட சேத்துப் பொட்டலம் கட்டிட்டீங்க."

அவள் போனைத் திருப்பிப் பிடித்து, மின்னஞ்சலில் அவர் படிக்காமல் விட்ட கடைசி வரியை நிதானமாகப் படித்தாள்.

'பி.கு.: எங்கள் போனில் ஒரு கால்கூடத் தவறவில்லை என்று பத்துக்குப் பத்து கொடுத்ததற்கு நன்றி.'